பெயரில்லாதவன் திருந்திய விழா

இருமல் மருந்தைக் குடித்துக் கெட்டுப்போகும் பிள்ளைகளைத் திருத்துவதற்காக எங்கள் ஊரில் ஒரு வாரியம் இருக்கிறது. அதற்கு மூன்று வாசல்கள். முன்வாசலில் பிள்ளைகளை அடிப்பார்கள். பக்கவாசலில் பெற்றோரை அடிப்பார்கள். பின்வாசலில் மட்டும் யாரையும் அடிப்பதில்லை. பறிமுதல் செய்த பாட்டில்கள் அந்த வழியாகத்தான் மறுபடி கடைத்தெருவுக்குப் போகின்றன, அதற்குக் கொஞ்சம் அமைதி தேவைப்படுகிறது.

வாரியத்தின் தலைவர் அல்ஹாஜி தன்லாமி. இதற்கு முன்பு வெட்டுக்கிளி ஒழிப்பு வாரியத்தின் தலைவராக இருந்தார். அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க எங்கள் ஊருக்கு ஒரு வெட்டுக்கிளிகூட வரவில்லை. அதற்கு முன்பும் வந்ததில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், அந்தச் சாதனைக்காக இந்தப் பதவியைக் கொடுத்தார்கள்.

நான் மசூதித் தெருவில் ஷாயி, அதாவது டீ, போட்டு விற்கிறவன். என் உண்மையான பெயர் எனக்கே மறந்துவிட்டது, ஊர் முழுக்க ஷாயி என்றுதான் கூப்பிடுகிறது. என் அடுப்புக்கு எதிரே பராவின் தொப்பிக் கடை. ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கஞ்சி வாளி, வரிசையாக மரத்தலைகள். அவ்வளவுதான் கடை. பெரிய மனிதர்களின் பூவேலைத் தொப்பிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மரத்தலையில் மாட்டி நிமிர்த்தி வெயிலில் வைப்பது பராவின் தொழில். அல்ஹாஜி தன்லாமியின் தொப்பிகளுக்கென்று தனியாக ஒரு பெரிய மரத்தலை உண்டு.

பராவின் மூத்த மகன் நாஃபியு. இந்தப் பெயரை நான் சொல்கிறேன், பராவ் சொல்லமாட்டான். எங்களில் தலைப்பிள்ளையைப் பெற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாலு பேர் பார்க்கத் தூக்குவதில்லை, கொஞ்சுவதில்லை, அவனுக்காகப் பதறுவதில்லை. பதறினால் மானம் போய்விடும். இரண்டாவது பிள்ளையிலிருந்து எல்லாச் செல்லமும் கொட்டலாம். பதினேழு வருஷமாகப் பராவ் அவனைக் கடையில் 'ஏய்' என்பான், வீட்டில் 'அந்த ஆள்' என்பான். ஆனால் அந்த ஆள் பள்ளிக்கூடம் போகும்போது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பான். பார்ப்பதை யாராவது பார்த்தால் மரத்தலையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொள்வான்.

அந்த நாஃபியுதான் பாலத்தடிக்குப் போக ஆரம்பித்தான். பாலத்தடியில் பையன்கள் இருமல் மருந்தைக் குளிர்பானத்தில் ஊற்றிக் குடிப்பார்கள். அவர்களில் எவனுக்கும் இருமல் கிடையாது. கொஞ்ச நாளில் நாஃபியு நின்றபடியே தூங்க ஆரம்பித்தான், மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். ஒருநாள் கஞ்சி வாளி என்று நினைத்து நீதிபதியின் தொப்பியை என் கெட்டிலில் முக்கிவிட்டான். நான் சிரித்தேன், பராவ் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அலமாரிச் சாவி கொடுக்க மறுத்த அம்மா தலாத்துவை நாஃபியு சுவரோடு மோதித் தள்ளினான். அவள் கீழுதடு கிழிந்து தொங்கியது. மறுநாள் அவன் அதே சுவருக்குக் கீழே உட்கார்ந்து அழுதான், சாயங்காலம் மறுபடி பாலத்தடிக்குப் போனான்.

அன்றைக்குத்தான் வானொலியில் வாரியத்தின் விளம்பரம் வந்தது. "பெற்றோரே, பிள்ளையைக் கொண்டுவாருங்கள். மனிதனாகத் திருப்பித் தருகிறோம்."

"டேய் ஷாயி, நீயும் கூட வாடா," என்றான் பராவ். "எனக்கு ஆபீசுல பேச வராது."

மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனோம். முன்வாசலில் நாஃபியுவை இறக்கியதும் இரண்டு காவலர்கள் தோல் சாட்டையால் அவன் காலில் ஆரம்பித்தார்கள். பராவையும் என்னையும் பக்கவாசலுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த காவலன் பராவைக் குனியச் சொன்னான்.

"நான்தாங்க கூட்டிட்டு வந்தேன், நானே விருப்பப்பட்டு," என்றான் பராவ்.

"அதான் குனியச் சொல்றேன். விருப்பப்பட்டு வர்றவனுக்குத்தான் அலட்சிய அடி. வராதவன் எங்க கைக்குக் கிடைக்க மாட்டானே."

"நான் அப்பன் இல்லங்க," என்றேன் நான். "கூட வந்தவன்."

"கூட வந்தவனுக்குப் பாதி."

வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். நாஃபியுவையும் அங்கே இழுத்துவந்து நிறுத்தியிருந்தார்கள். சேர்க்கை அதிகாரி மாலம் ஸக்காரி எங்களை உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை என்றதும் அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. வெளியில விழுந்தது தண்டனையில்ல, வரவேற்பு. தண்டனையெல்லாம் உள்ளதான். இந்த வாரியத்துல ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு." பேனாவை எடுத்தார். "பையன் பேரு?"

பராவ் தரையைப் பார்த்தான்.

"பேரு கேட்டேன்."

"மூத்தவங்க," என்றான் பராவ் மெதுவாக.

ஸக்காரி பேனாவை வைத்தார். "புரியுதுய்யா. என் மூத்தவன் பேர நானும் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல. நான் புரிஞ்சுக்குவேன், வாரியம் புரிஞ்சுக்காது."

"பையன் பேரு நா..." என்று நான் ஆரம்பித்தேன். கூட வந்தவனுக்குச் சாட்சி சொல்ல உரிமையில்லை என்று என் முதுகில் மீதிப் பாதி விழுந்தது. நாஃபியு தானே தன் பெயரைச் சொன்னான். போதைக்காரனின் பேச்சை வாரியம் ஏற்காது என்று அவனுக்கும் விழுந்தது. கடைசியில் ஸக்காரி அவனைப் 'பெயரில்லாதவன்' என்று சேர்த்துக்கொண்டார். பெயரில்லாமல் வந்ததற்குத் தனி அடி உண்டாம், முதல் நாள் என்பதால் மறுநாளைக்கு ஒத்திவைத்தார்.

கிளம்பும்போது பராவின் கை மகனின் தலைப்பக்கம் போனது. காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொப்பி கோணலா இருக்கு," என்று நிமிர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

வாரியத்தில் மருத்துவர் கிடையாது. மருத்துவர் என்றால் மருந்து எழுதுவார், மருந்துதானே எதிரி என்று அல்ஹாஜி தன்லாமி அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். வந்த முதல் வாரம் பிள்ளைகளுக்கு உடம்பு நடுங்கும், வாந்தி வரும், மூக்கும் கண்ணும் ஒழுகும், எலும்புக்குள் யாரோ முறுக்குவதுபோல் வலிக்கும். வாரியம் அதற்கு 'எதிர்ப்பு' என்று பெயர் வைத்து, எதிர்ப்பு அடங்கும்வரை காலையும் மாலையும் அடித்தது. ஒரு பையனுக்கு அடியில் கை எலும்பு முறிந்தது. முறிந்த கையால் தேசிய கீதத்துக்கு வணக்கம் வைக்கவில்லை என்று மறு கைக்கும் கொடுத்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து ஹர்மாட்டான் காற்று ஆரம்பித்தது. பாலைவனத்திலிருந்து புழுதி வந்து ஊரையே மூடியது, ஊரே இருமியது. வாரியத்துக்குள் இருமுகிறவன் மருந்து கேட்கிறான் என்று அர்த்தம், இருமலுக்கு மூன்று சாட்டையடி. முதல் நாள் பிள்ளைகள் இருமினார்கள், அடி வாங்கினார்கள். இரண்டாம் நாள் அடித்த காவலன் இருமினான். விதி விதிதான் என்று பக்கத்துக் காவலன் அவனை அடித்தான், ஓங்கிய வேகத்தில் புழுதி ஏறித் தானும் இருமினான். மதியத்துக்குள் முற்றம் முழுக்கச் சீருடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் வெளுத்துக்கொண்டிருந்தார்கள், சமையல்காரனுக்குக் காது கிழிந்தது. மாடியிலிருந்து எட்டிப்பார்த்த அல்ஹாஜி தன்லாமியும் இருமினார். அது தொண்டை செருமல் என்று உடனே அறிக்கை வந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் நாஃபியு திருந்திவிட்டான். எப்படித் திருந்தினான் என்று வாரியத்துக்கே தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் பெற்றோர் சாப்பாடு கொண்டுபோகலாம். நானும் பராவும் தலாத்து கிண்டிக்கொடுத்த துவோக் களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு, பக்கவாசலில் அவரவர் பங்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். நாஃபியு இளைத்திருந்தான், முதுகில் சட்டை ஒட்டிக் காய்ந்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"பாபா, சோறு ருசிக்குது," என்றான்.

பராவ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்ன எதத் தின்னாலும் மண்ணாட்டம் இருந்துச்சு. இப்ப உப்பு தெரியுது, காரம் தெரியுது. அது என்னை விட்டுப் போயிடுச்சு பாபா. நெசமாத்தான். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"தின்னுட்டுப் பேசு."

"அம்மா உதடு ஆறிடுச்சா?"

பராவ் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினான். "ஆறிடுச்சு. நீ வந்தா கோழி அடிக்கறேன்னு சொன்னா." பிறகு எழுந்து, கோணாத தொப்பியை ஒருமுறை நிமிர்த்தினான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தான். "டேய் ஷாயி, அந்த ஆளுக்கு ஊதா நூல் போட்டு ஒரு தொப்பி தைக்கச் சொல்லியிருக்கேன். வெளிய சொல்லிடாதே," என்றான். நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த நாளே தலைவரின் தொப்பியைக் கொடுக்கும் சாக்கில் இரண்டு பேரும் அவர் அறைக்குப் போய், பையனை விடச் சொல்லிக் கேட்டோம். தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பராவ், நீ குடுத்து வச்சவன்யா. வாரியம் தொடங்கினதுலேருந்து திருந்தின ஒரே பையன் உன் பையன்தான். மத்தவனெல்லாம் வெளிய போன அன்னைக்கே முன்னைவிட அதிகமாக் குடிக்கிறான். கேட்டா முதுகு வலிக்குதாம்."

"அப்ப விட்டுடுங்க, அல்ஹாஜி."

"எப்படி விடறது? அடுத்த வாரம் அழிப்பு விழா. தலைநகரத்துலேருந்து ஆணையர் வர்றார். பிடிச்ச பாட்டிலெல்லாம் அவர் கண்ணு முன்னாடி ரோடு ரோலர் ஏத்தி நசுக்கறோம். அப்புறம் மேடையில உன் பையன். முன்னாடி எப்படி இருந்தான், வாரியத்தோட அடியில எப்படி ஆனான், ரெண்டையும் அவர் பாக்கணும். பின்னாடி தயாரா இருக்கு. முன்னாடிதான் இல்ல."

பராவுக்குப் பாதிதான் புரிந்தது. எனக்குப் புரிந்தது, நம்ப முடியவில்லை.

"தள்ளாடற மாதிரி நடிக்கச் சொல்றேங்க," என்றான் பராவ். "நல்லா நடிப்பான்."

அல்ஹாஜி தன்லாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நடிப்பா? மேதகு ஆணையர்கிட்டயே ஏமாத்து வேலையா? வெட்டுக்கிளிக் காலத்துலேருந்து நான் ஒரு பொய்க்கணக்கு காட்டினவனில்ல. இந்த வாரியத்துல நடிப்புக்கு இடமே கிடையாது. உன் பையன் நெசமாக் குடிப்பான், நெசமாத் தள்ளாடுவான், நான் நெசமா அடிப்பேன், நெசமாத் திருந்துவான்."

"குடிச்சா மறுபடி பழைய ஆளாயிடுவானே!"

"ஆனா என்ன? அதுக்குத்தானே வாரியம் இருக்கு."

பராவ் அவர் காலில் விழுந்தான். தலைவரின் நேர்மைக்கு இடைஞ்சல் செய்ததற்காகக் காவலர்கள் அவனை அங்கேயே உதைத்தார்கள், விலா எலும்பில் ஏதோ சொடுக்கியது. எனக்கு வழக்கம்போல் பாதி.

விழாவுக்கு முன்பு ஒரு சிக்கல் வந்தது. கிடங்கைத் திறந்தால் ஒரு பாட்டில்கூட இல்லை. பின்வாசல் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. பாட்டில் மலை இல்லாமல் அழிப்பு விழா நடத்த முடியாது, அதனால் வாரியம் பாலத்தடிக்கு ஆள் அனுப்பி வாங்கியது. பக்கத்து ஊர்களிலிருந்தும் லாரியில் வந்து இறங்கியது. அந்த வாரம் ஊரில் குழந்தைக்கு நிஜமாக இருமல் வந்தால்கூட மருந்துக்கடையில் ஒரு சொட்டு கிடைக்கவில்லை, எல்லாம் கால்பந்து மைதானத்தில் மலையாகக் கிடந்தது.

ஆணையர் காலை ஒன்பது மணிக்கு வருவதாக அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அதற்கு அர்த்தம் ஒன்பது மணிக்கு வரமாட்டார் என்பதுதான். எங்கள் பக்கம் பெரிய மனிதர் ஒருவர் சொன்ன நேரத்துக்கு வந்தால், டிரைவர் முன்னால் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு தாமதம். ஆணையர் ரொம்பப் பெரியவர்.

எனக்கு மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்தில் அதிகாரிகளுக்கு ஷாயி போடும் வேலை கொடுத்திருந்தார்கள். அங்கேதான் நாஃபியுவையும் வைத்திருந்தார்கள். பராவ் முன்வரிசையில், 'மனம் திருந்திய பெற்றோர்' என்று எழுதிய நாற்காலியில் இருந்தான். சுற்றிலும் ஊர்ப்பெரியவர்கள், அவன் துவைத்த தொப்பிகளோடு.

ஒன்பது மணிக்கு மாலம் ஸக்காரி முதல் பாட்டிலைத் திறந்தார். நாஃபியு வாயை இறுக்கிக்கொண்டான். ஒருவன் மூக்கைப் பிடித்தான், ஒருவன் தாடையில் முழங்காலால் இடித்தான். பல் ஒன்று உடைந்தது. ரத்தமும் மருந்துமாக உள்ளே போனது.

"கொஞ்சந்தாம்பா. பொறுத்துக்க," என்றார் ஸக்காரி. அவர் கெட்டவரில்லை, எல்லோரையும்போலச் சொன்னதைச் செய்கிறவர்.

ஆணையர் வரவில்லை. மதியத்தில் சைரன் கேட்டது. போதை இறங்கியிருக்குமே, ஆணையர் கண்ணுக்குத் தள்ளாட்டம் போதாதே என்று இன்னொரு பாட்டில் ஊற்றினார்கள். வந்தது வங்கிக்குப் பணம் கொண்டுபோகிற வண்டி. அதற்குப் பிறகு வந்தது தீயணைப்பு வண்டி, அதற்கும் ஒரு பாட்டில். இப்போது நாஃபியு வாயை மூடவில்லை. மூட அவனால் முடியவில்லை.

நான் கோப்பை எடுப்பதுபோல் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தேன். கண்ணைப் பாதி திறந்தான்.

"மாமா," என்றான், நாக்கு குழறியது. "பாபாகிட்டச் சொல்லிடுங்க. நானாக் குடிக்கல."

நான் கெட்டிலைப் போட்டுவிட்டு முன்வரிசைக்கு ஓடினேன். "பராவ், எழுந்து வாடா. உன் பையன் உதடு நீலமா இருக்கு. மூச்சு விட்டு விட்டு வருது. நானாக் குடிக்கலன்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னான்."

பராவ் எழுந்தான். இந்தப் பக்கம் இமாம் திரும்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் தெருத்தலைவர் பார்த்தார், பெண்கள் பகுதியிலிருந்து அவன் மாமியார் பார்த்தாள். ஊரே கூடியிருக்கும் இடத்தில் தலைப்பிள்ளைக்காக ஓடிய அப்பன் எங்களில் கிடையாது. பராவ் மறுபடி உட்கார்ந்துவிட்டான். நாற்காலிப் பிடியை அவன் பிடித்த பிடியில் நகம் பெயர்ந்தது. நான் அவனைத் திட்டினேன், அழுதேன், கையைப் பிடித்து இழுத்தேன். விழாவுக்கு இடைஞ்சல் என்று காவலர்கள் என்னைத் தரையில் போட்டு மிதித்தார்கள். முதல்முறையாக ஒரே தடவையில் முழு அடி வாங்கினேன்.

பிற்பகல் அஸர் தொழுகையும் முடிந்த பிறகு ஆணையர் வந்தார். அவருக்காகக் கடைசிப் பாட்டிலும் ஊற்றப்பட்டது. தொடக்கப் பிரார்த்தனை, வரவேற்புரை, அறிமுக உரை, அறிமுகம் செய்தவரை அறிமுகம் செய்த உரை எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு ரோடு ரோலர் பாட்டில் மலைமேல் ஏறியது. கண்ணாடி வெடித்துச் சிதறியது, முன்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் கீறியது. நசுங்கிய மருந்தெல்லாம் சேர்ந்து, மைதானத்தின் ஓரச் சாக்கடையில் கருஞ்சிவப்பாக ஓடியது.

பாலத்தடிப் பையன்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்து சாக்கடையில் விழுந்தார்கள். கையால் அள்ளினார்கள், தொப்பியால் மொண்டார்கள், ஒருவன் குப்புறப் படுத்து வாய் வைத்தான். உள்ளங்கையெல்லாம் கண்ணாடி. குனிந்த முதுகுகளில் காவலர்களின் சாட்டை இறங்கிக்கொண்டேயிருந்தது, ஒருவனும் நிமிரவில்லை. ஒருவனை இன்னொருவன் உடைந்த பாட்டிலால் குத்திவிட்டு அவன் இடத்தில் குடித்தான்.

ஆணையர் கண் கலங்கி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "என் அரசியல் வாழ்க்கையில் இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. இளைஞர்கள் தாமாகவே முன்வந்து, சாக்கடையை வெறும் கையால் சுத்தம் செய்கிறார்கள். இதுதான் மாற்றம். இந்த வாரியத்தின் ஆயுளை இன்னும் பத்து வருஷம் நீட்டிக்கிறேன்."

கைதட்டல் ஓயுமுன் நாஃபியுவைக் கொண்டுவந்தார்கள். இரண்டு காவலர்கள் அக்குளில் கைகொடுத்து இழுத்துவந்தார்கள், கால் இரண்டும் தரையில் கோடு போட்டன.

"முன்னாடி!" என்று அறிவித்தார் ஸக்காரி.

விட்டதும் அவன் மேடையில் விழுந்தான். தொப்பி உருண்டது. என்ன ஒரு தத்ரூபம் என்றார் ஆணையர். அல்ஹாஜி தன்லாமி சட்டைக் கையை மடித்துவிட்டு, பிரம்பை எடுத்து, "திருந்து!" என்று முதல் அடி போட்டார். அவன் அசையவில்லை. "திருந்து! திருந்து!" அடிக்கிற இடத்தில் சட்டை கிழிந்தது. தோல் கிழிந்த இடத்தில் ரத்தம்கூடச் சோம்பலாக வந்தது. நாஃபியு திருந்தவில்லை.

பராவ் எழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. மேடையேறி, முதலில் தொப்பியை எடுத்துத் தட்டி மகன் தலையில் வைத்து நிமிர்த்தினான். அது சரிந்தது. மறுபடி நிமிர்த்தினான். மூக்கருகில் காதை வைத்தான். நெஞ்சில் வைத்தான்.

"நாஃபியு!"

மைதானம் அடங்கிவிட்டது. பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள், இமாம் தலையைக் குனிந்தார். செத்தவனுக்காக இல்லை, செத்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு தகப்பன் தலைப்பிள்ளையின் பெயரைக் கூச்சமில்லாமல் ஊர் முன்னால் கத்துகிறானே என்றுதான் குனிந்தார்கள்.

"நாஃபியு! டேய் நாஃபியு! என் ராசா, எழுந்திருடா!"

பிறகு அல்ஹாஜி தன்லாமியின் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கினான். முதல் அடி வாயில் விழுந்தது, முன்பல் இரண்டும் போயின. இரண்டாவது காதில். தலைவர் கீழே விழுந்தார், பராவ் அவர் நெஞ்சின்மேல் முழங்காலை வைத்துக்கொண்டு அடித்தான். பிரம்பு உடைந்ததும் கையால் அடித்தான். காவலர்கள் பாய்ந்தார்கள், பாதியில் நின்றார்கள். ஆணையர் கைதட்டிக்கொண்டிருந்தார். தலைமை விருந்தினர் கைதட்டும்போது குறுக்கே போவது மரியாதையில்லை. கைதட்டலைப் பார்த்து மேளக்காரன் அடிக்குத் தகுந்தபடி தாளம் போட ஆரம்பித்தான்.

"இது நிகழ்ச்சியிலயே இல்ல!" என்று அலறினார் அல்ஹாஜி தன்லாமி.

"ஆகா, தலைவரே நடிக்கிறாரே!" என்றார் ஆணையர்.

தலைவரின் தொப்பி உருண்டு சாக்கடையில் விழுந்தது. பராவுக்குக் கை ஓய்ந்தது. எழுந்து, மகனை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டான். பதினேழு வருஷத்தில் ஊர் பார்க்க அவனை அவன் தூக்கியது அதுதான் முதல்முறை. வளர்ந்த பையன், கால் இரண்டும் தொங்கின. அப்படியே மைதானத்தைக் கடந்து நடந்தான். யாரும் தடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் அடக்கம் செய்தோம். குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்த தலாத்துவின் தம்பி வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தான்.

பராவைக் கைது செய்வார்கள் என்று ஊரே காத்திருந்தது. செய்ய முடியவில்லை. கைது செய்தால் அந்த அடி நிஜம் என்றாகும். அடி நிஜமென்றால் பையன் செத்ததும் நிஜமென்றாகும், ஆணையர் கைதட்டியது எதற்கு என்ற கேள்வி வரும். அதனால் அல்ஹாஜி தன்லாமி வீங்கிய வாயோடு வானொலியில் பேசினார். "விழாவில் நடந்ததெல்லாம் நடிப்பே. நான் வாங்கிய அடியும் நடிப்பே. எங்கள் வாரியத்தில் நடிப்புக்கு என்றுமே முதலிடம் உண்டு. எங்களிடம் திருந்திய அந்த இளைஞன் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

அந்தப் பேச்சு வந்தபோது பராவ் கடையில் இருந்தான். வானொலியைக் கல்லால் நசுக்கினான். அது என் வானொலி, சிதறியதை நானே கூட்டி அள்ளினேன்.

சில நாள் கழித்து மாலம் ஸக்காரி வந்தார். என்னிடம் ஷாயி வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். பெரிய மரத்தலையில் தலைவரின் தொப்பி இருந்தது. சாக்கடையிலிருந்து எடுத்துவந்தவன் நான். பராவ் அதைத் துவைக்கவில்லை. மருந்தும் சேறும் காய்ந்து ஈ மொய்த்தது.

"தலைவர் தொப்பிய வாங்கிட்டு வரச் சொன்னாரு," என்றார் ஸக்காரி. "அப்புறம் பராவ், ஆணையருக்கு உன் நிகழ்ச்சி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தலைநகரத்துலயும் அதையே செய்யச் சொல்றாரு. பெயரில்லாதவன் பாத்திரத்துக்கு ஒரு பையன் வேணும். உனக்கு ரெண்டாவது ஒருத்தன் இருக்கானாமே, பேரு என்ன? ரெண்டாவதுதானே, தாராளமாச் சொல்லலாம்."

பராவ் அவர் பிடரியைப் பிடித்துக் கஞ்சி வாளிக்குள் முகத்தை அமுக்கினான். ஷாயி கோப்பை என் காலடியில் வந்து உடைந்தது. கைகால் உதறிய பிறகு தூக்கினான்.

"என் பையன் பேரு என்ன?"

"பெ... பெயரில்லாதவன்..."

மறுபடி அமுக்கினான். இந்த முறை ரொம்ப நேரம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அடுப்பை விட்டு நகரவில்லை.

"என் பையன் பேரு என்ன?"

"நா... நாஃபியு," என்றார் ஸக்காரி, மூக்கெல்லாம் கஞ்சி ஒழுக. "நாஃபியு, நாஃபியு. விட்டுடுய்யா."

விட்டான். "தொப்பி வேணும்னா உங்க தலைவரையே வரச் சொல்லு. தலையோட வரச் சொல்லு."

ஸக்காரி ஒரு செருப்போடு ஓடினார். இன்றுவரை தலைவர் வரவில்லை, வாரியத்தின் வண்டி மசூதித் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தத் தொப்பி அங்கேயே எறும்பரித்துக் கிடக்கிறது. பக்கத்து மரத்தலையில் ஊதா நூல் போட்ட புதுத் தொப்பி ஒன்று இருக்கிறது. பராவ் அதைத் தினமும் வெயிலில் வைக்கிறான், காற்றில் சரிந்தால் எழுந்து வந்து நிமிர்த்துகிறான். புதிதாக வருகிறவர்கள் அழகாக இருக்கிறதே, யாருடையது என்று கேட்பார்கள். பராவ் பெயரைச் சொல்வான், தெருவுக்கே கேட்கும்படி.